ஆண்டின் பாதியில் செட்டிநாட்டில் ஐந்து நாள்

2025 ஜூன் 30, திங்கள் – காரைக்குடி

டிசம்பர் 31 இரவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. மகளின் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து மூன்று வரி எழுதினேன். ஞாயிறுதோறும் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையாரோடு வீடு சந்திக்கப் போக வேண்டும். அண்ணனிடம் பேச வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் சைட்டில் நிற்காமல் பிள்ளைகளோடு செபமாலை சொல்ல வேண்டும்.

இன்றோடு ஆறு மாதம். வீடு சந்திப்பு பிப்ரவரியோடு நின்றது. செபமாலை தவக்காலம் முழுக்க நடந்தது, உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டர் தாண்டியதும் வாரத்துக்கு இரண்டு நாளாகி, பிறகு அதுவும் இல்லை. இரண்டாவது வரியை நான் தொடவே இல்லை.

இதற்கு நடுவில் கத்தார் நாட்டு தோஹாவில் ஒரு கட்டுமான வேலைக்கு அழைப்பு. இப்போது வாங்குவதைப் போல இரண்டரை மடங்கு சம்பளம். ஜூலை 10க்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வயது 43. போகலாமா, வேண்டாமா என்று மூன்று வாரமாகச் செபித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. "அஞ்சு நாள் எங்கயாவது தனியாப் போய் உக்காந்துட்டு வாங்க. வீட்டை நான் பாத்துக்கிறேன்" என்றாள் மனைவி. ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் அம்மா ஆண்டுதோறும் எங்கள் இருவரையும் அங்கே வெட்டுண்டு இறந்த புனித அருளானந்தர் கோயிலுக்குக் கூட்டிப் போவார். அண்ணனுக்கு அந்தப் புனிதர் பெயர்தான். போகிற வழியில் செட்டிநாட்டு வீடுகளையும் பார்த்துக்கொள்ளலாம். திருச்சியில் இருபது வருஷமாக வீடு கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவன், பக்கத்தில் இருந்தும் இந்த ஊர்களை ஒழுங்காகப் பார்த்ததில்லை.

திருமயத்தில் பஸ் நின்றபோது கோட்டை தெரிந்தது. 1687இல் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி கட்டியதாகச் சொல்வார்கள். அருளானந்தரை ஓரியூருக்கு அனுப்பியவரும் அவர்தான். எத்தனையோ தடவை இந்த வழியாகப் போயிருக்கிறேன், இரண்டையும் சேர்த்து யோசித்தது இன்றைக்குத்தான்.

காரைக்குடியில் அனல். அறை 850 ரூபாய், மின்விசிறி சுழலச் சுழல சூடான காற்றுதான் இறங்கியது. மத்தியானம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு 140, உப்புக்கறி தனியாக 160. சின்ன வெங்காயமும் வரமிளகாயும் பூண்டும் போட்டுச் சுண்டவைத்த ஆட்டுக்கறி. மசாலாத்தூள் வாசமே இல்லை, கறியின் ருசி மட்டும் நாக்கில் நிற்கிறது. பரிமாறியவர் இலையைப் பார்த்தே என்ன குறைகிறது என்று தெரிந்துகொண்டார், ஒரு தடவைகூட என்னைக் கேட்க விடவில்லை.

சாயங்காலம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். ஐந்து பணியாரம், காரச்சட்னியோடு 40 ரூபாய். படியில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக வைத்தால் அதுதான் அளவாம். ஒரு கரண்டி மாவு எண்ணெயில் இறங்கி, அமுங்கி, பூத்து மேலே வருகிறது. சிவக்க விடாமல் எடுக்க வேண்டும். "வெளியூரா?" என்று கேட்டுவிட்டு ஆறாவதாக ஒன்றை வைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார்.

ஜூலை 1, செவ்வாய் – கானாடுகாத்தான்

தெருவின் ஒரு முனையில் நின்றால் மறு முனை கண்ணுக்கு எட்டவில்லை. வீடுகள் இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளுகின்றன. பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டில் காவல்காரப் பெரியவர் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். செருப்பை வாசலில் கழற்றச் சொன்னார்.

முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், ஒரு ஆள் கட்டிப் பிடித்தாலும் கைகள் சேராது. சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், வெளியே தீ மாதிரி வெயில், சுவர் மண்பானை போலக் குளிர்ந்திருந்தது. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெழுகின பூச்சு. நான் பூசவைக்கிற சிமெண்ட் சுவரெல்லாம் பத்து வருஷத்தில் முடிக்கீறல் விடுகிறது. இது நூறு வயசைத் தொட்டும் கை வழுக்குகிறது.

உள்ளே வளவு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். எல்லாவற்றிலும் பூட்டு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை என்று பெரியவர் சொன்னார். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. வருஷத்துக்கான அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்துத் தனி அடுப்பு. ஆனால் அதே கூரை, அதே முற்றம், அதே சாமி வீடு. அடுப்பு பிரிந்தாலும் வாசல் ஒன்றுதான்.

"இப்ப எத்தன பேருக்குங்கய்யா பங்கு?"

"பதினெட்டுப் பங்கு தம்பி. மலேசியாவுல ரெண்டு, மெட்ராசுல ஏழு, பாக்கி எங்கெங்கயோ. ஒரு ஓடு மாத்தணும்னாலும் எல்லாரும் சரின்னு சொல்லணும். ரெண்டு பங்காளிக்குப் பேச்சு வார்த்தை இல்ல. அந்தா பாருங்க, மழை அது வழியாத்தான் இறங்குது."

கைகாட்டிய மூலையில் ஓடு சரிந்து தேக்குச் சட்டம் கறுத்துப் போயிருந்தது. ஒரு சட்டம் போனால் அடுத்தது தாங்காது. ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் பிடித்திருந்தால் நாலு ஆள், இரண்டு நாள் வேலை. இப்போது அந்தத் தாழ்வாரம் முழுவதையும் இறக்கித்தான் கட்ட வேண்டும். எனக்கு நெஞ்சு அடைத்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் எங்கள் அப்பா கட்டிய வீடு, ஆயிரத்து நூறு சதுர அடி. விற்றுவிடலாம் என்றான் அண்ணன், கூடாது என்றேன் நான். அம்மாவின் முதல் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு முற்றியது. "அம்மாவுக்கு ஒரு நாள் மாத்திரை வாங்கிக் குடுத்திருப்பியா நீ?" என்று கேட்டேன். அது பொய். மதுரையிலிருந்து மாதம் பிறந்தால் முதல் வாரத்திலேயே மருந்துக்குப் பணம் வந்துவிடும். அந்தப் பணத்தில் கடைக்குப் போய் மாத்திரை வாங்கியவன் நான். அண்ணன் பதில் பேசாமல் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். மூன்று வருஷமாகிறது.

வெளியே வந்தால் ஒரு செருப்பைக் காணவில்லை. நாய்க்குட்டி ஒன்று தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததாக எதிர்வீட்டுப் பையன் சொன்னான். தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. மணி பன்னிரண்டரை. செம்மண் கொதித்தது, நிழல் பார்த்து நிழல் பார்த்துத் தாவினேன். சுவரோரம் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து போட்டார். "எம் மவனோடது. அவன் திருப்பூர்ல இருக்கான். போட்டுக்கங்க, திரும்பயில குடுத்துட்டுப் போங்க." பணம் எடுத்தேன். "செருப்ப விக்கிறனா நானு?" என்று கோபித்துக்கொண்டார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இரவு காரைக்குடியில் கவுனி அரிசி கிடைத்தது, சின்னக் கிண்ணம் 60 ரூபாய். கறுப்பரிசியைக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டது. பர்மாவிலிருந்து வந்த பழக்கம். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் அங்கே இருந்த கடைகளையும் நிலங்களையும் விட்டுவிட்டு வந்தார்கள். மூன்று தலைமுறை சேர்த்தது போய்விட்டது, அரிசி மட்டும் கல்யாணப் பந்தியில் நிலைத்துவிட்டது. தோஹாவை நினைத்துக்கொண்டேன். எண்கள் போட்டுப் பார்த்தேன், கடன் எத்தனை மாதத்தில் அடையும் என்று. கணக்கு சரியாகத்தான் வந்தது.

ஜூலை 2, புதன் – ஆத்தங்குடி

கல் போடுகிற பட்டறை ஒன்றில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் டைல்ஸ் என்று யாரும் சொல்வதில்லை, பூக்கல் என்கிறார்கள். நான் கடைக்காரனிடம் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதிக்கிற பொருள் இங்கே ஒவ்வொன்றாகப் பிறக்கிறது.

முதலில் ஒரு சதுரக் கண்ணாடி. எண்ணெய்த் துணியால் துடைக்கிறார். அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவில் வளைத்த தகட்டு அச்சு. சிமெண்டில் கரைத்த வண்ணங்களைக் கரண்டியால் அச்சின் அறைகளுக்குள் ஊற்றுகிறார், சிவப்பு, மஞ்சள், பச்சை. கை நடுங்காமல் அச்சைத் தூக்குகிறார். வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டபடி நிற்கின்றன, கலக்கவில்லை. நான் கண்ணெடுக்காமல் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியை மேலே தூவி மூடிவிட்டார். அதன் மேல் ஈரக் கலவை, கரண்டியால் தட்டிச் சமன். இப்போது மேலே தெரிவது வெறும் சாம்பல் நிறம். பூ கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கிறது.

"எப்பண்ணே எடுப்பீங்க?"

"நாளைக்கி. அப்பறம் தண்ணித் தொட்டில கெடக்கணும். அவசரப்பட்டு கண்ணாடிய உரிச்சா பூவுல பாதி அதுலயே ஒட்டிக்கிரும்."

சூளை கிடையாது, பாலிஷ் கிடையாது. கண்ணாடியின் மினுமினுப்பையே கல் வாங்கிக்கொள்கிறது. பிறகு ஆள் நடக்க நடக்க மெருகு ஏறும் என்றார். பூட்டிக் கிடக்கிற வீட்டில் இதே கல் மங்கிப்போகுமாம். முப்பத்தோரு வருஷமாக இதே வேலை. கீழே உட்கார்ந்து எழுந்து முட்டி தேய்ந்துவிட்டது, மகன் இந்த வேலைக்கு வரவில்லை. வரும்படி பத்தவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். கையால் போடுகிற கல்லுக்கு நாம் கொடுக்கிற விலை போதாது. இனி வீடு கட்டுகிறவர்களிடம் பூசை அறைக்கோ திண்ணைக்கோ இதைக் கேட்டுப் பார்க்கப்போகிறேன்.

பட்டறை வாசலில் டீ 12 ரூபாய். ஆனிக்காற்று புழுதியை அள்ளி டம்ளருக்குள் போட்டது. லூக்கா நற்செய்தியில் வருகிற அத்திமரத்தை நினைத்துக்கொண்டேன். மூன்று வருஷமாகக் கனி இல்லை, வெட்டிவிடு என்கிறார் தோட்டக்காரரின் முதலாளி. இந்த ஆண்டும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்று மன்றாடுகிறார் தோட்டக்காரர். மூன்று வருஷம் என்பது இதற்கு முன் என் காதில் விழுந்ததே இல்லை.

ஜூலை 3, வியாழன் – ஓரியூர்

இன்று இயேசுவின் சீடர் புனித தோமாவின் திருநாள். ஓரியூரில் காலைத் திருப்பலிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று விடியுமுன் கிளம்பினேன், முடியவில்லை. தேவகோட்டையில் பஸ் மாறித் திருவாடானை வரை வந்தாகிவிட்டது. அங்கே ஓரியூர் வழி போகும் பஸ் பழுதாகி நின்றுவிட்டது, அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். என்னைப் போலவே காத்திருந்த ஒரு குடும்பத்தோடு சேர்ந்து ஆட்டோ பிடித்தேன், என் பங்கு 200 ரூபாய். குழந்தைக்கு மொட்டை போட நேர்ந்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் இல்லை. "எங்க குலசாமிக்கு அடுத்தபடி இவருதாங்க" என்றார் குழந்தையின் தாத்தா. மடியில் இருந்த தூக்குச்சட்டியைத் திறந்து எனக்கும் புளிச்சோறு கொடுத்தார். வழி நெடுகச் சீமைக்கருவேலம், காய்ந்த கண்மாய், ஆடுகள். போய் இறங்கும்போது பீடத்தில் மெழுகுதிரியை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

மனது சோர்ந்துபோய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்தத் திருப்பலிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

அருளானந்தரின் கதை எனக்கு மனப்பாடம். 1647இல் லிஸ்பனில் பிறந்தவர், இளவரசரோடு அரண்மனையில் வளர்ந்த பிள்ளை. எல்லாவற்றையும் விட்டு இங்கே வந்து பண்டாரசாமியாகக் காவி உடுத்தி மறவர் நாட்டில் நடந்தார். 1686இல் பிடித்து வதைத்து நாட்டை விட்டு விரட்டினார்கள். அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குப் போனார். கூட வளர்ந்த இளவரசர் அப்போது அரசர், இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்டார். இவர் 1690இல் திரும்பி வந்துவிட்டார். மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவி போதும் என்று மற்றவர்களை விலக்கியதில் சேதுபதியின் உறவுப் பெண்ணும் ஒருத்தி. சேதுபதி இவரைப் பிடித்து, ஓரியூரில் இருந்த தன் தம்பியிடம் அனுப்பினார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி இங்கே தலையை வெட்டினார்கள். 45 வயது. 1947 ஜூன் 22இல் புனிதர் பட்டம்.

இத்தனை காலம் இதை வீரக் கதையாகவே கேட்டிருந்தேன். இன்று அந்த மூன்று வருஷம்தான் மனதில் நின்றது, ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பிய நாட்கள். எந்தப் பக்கம் போவது என்று அவர் ஆண்டவரைக் கேட்டுத் தவித்திருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரைகுறையாக விட்டுவந்த வேலையும் விட்டுவந்த ஜனங்களும் எங்கே இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும்.

போனில் இன்றைய நற்செய்தியை எடுத்துப் படித்தேன். தழும்பில் விரலை இட்டாலொழிய நம்ப மாட்டேன் என்கிற தோமா. அவர் இன்னொரு இடத்திலும் பேசுவார், கடைசி இரா உணவின்போது. நீர் போகுமிடமே எங்களுக்குத் தெரியாது, வழி மட்டும் எப்படித் தெரியும் என்று. மூன்று வாரமாக என் செபமும் அதே கேள்விதான். தோஹாவா, திருச்சியா? ஆண்டவர் அவருக்கு ஊர் பெயர் எதையும் சொல்லவில்லை, வழி நானே என்றார். காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறவனிடம் அதே ஆண்டவர், உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவுக்கு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய் என்கிறார். மூன்று வருஷமாக ஒரு திருப்பலி விடாமல் காணிக்கை போட்டிருக்கிறேன், நற்கருணை வாங்கியிருக்கிறேன். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவருக்குக் கைகூப்பியிருக்கிறேன். வருஷப் பிறப்பு இரவில் என் கையாலேயே எழுதிய இரண்டாவது வரி, நான் கேட்காமலே கிடைத்த பதில். அதை ஆறு மாதம் நோட்டுக்குள் மூடி வைத்துவிட்டு, வேறு பதில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயே முழங்காலில் இறங்கி அழுதேன்.

வெளியே ஒரு பாட்டி சிவந்த மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தார். புனிதரின் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று தலைமுறை தலைமுறையாக எடுத்துப் போகிற மண். அம்மாவும் எடுப்பார், இரண்டு பொட்டலமாகக் கட்டி ஆளுக்கொன்று கொடுப்பார். நானும் ஒரு பிடி எடுத்தேன், பிறகு இன்னொரு பிடி. வேப்பமரத்தடியில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது, எடுக்கவில்லை. திரும்பவும் போட்டேன், எடுக்கவில்லை. "அண்ணே, ஓரியூர்ல இருக்கேன். அம்மா மாத்திரை பத்தி அன்னைக்கு நான் சொன்னது பொய். மன்னிச்சிரு" என்று எழுதி அனுப்பினேன். இரவு வரை பதில் இல்லை. தேவகோட்டையில் இரண்டு இடியாப்பம் வாங்கினேன், ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி – கானாடுகாத்தான், இடைக்காட்டூர்

காலையில் புதுச் செருப்பு 220 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு கானாடுகாத்தான் போனேன். ரப்பர் செருப்பைக் கழுவி எடுத்துப் போயிருந்தேன், கூடவே அரைக் கிலோ தேன்குழல். அந்த அம்மா செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குன்னு வந்தீகளா?" என்றார். மகன் மூன்று மாதமாக வரவில்லையாம், போன் மட்டும் பண்ணுவானாம். தேன்குழலை முந்தானையில் வாங்கிக்கொண்டு மோர் கொடுத்தார். செருப்பை வாசலில், அது முன்பு இருந்த அதே இடத்தில், நேராக்கி வைத்தார்.

இடைக்காட்டூர் மானாமதுரை பக்கம். வயலுக்கு நடுவே திடீரென்று பிரான்சு நாட்டுக் கோயில் ஒன்று எழுந்து நிற்கிறது. பெர்டினாந்து செல் என்ற பிரெஞ்சு குருவானவர் 1894இல் கட்டியது, ரேம்ஸ் பேராலயத்தின் சாயலில். சுரூபங்கள் பிரான்சிலிருந்து வந்தவை. வேலைக்காரன் கண்ணோடு பார்த்தால் அந்த வளைவுகளுக்கு எத்தனை விதமான செங்கல் அறுத்திருப்பார்கள் என்று மலைப்பாக இருக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளி என்பதால் இயேசுவின் திரு இருதயத் திருப்பலிக்கு நல்ல கூட்டம். திருச்சபை கொண்டாடும் இந்த யூபிலி ஆண்டில் எதிர்நோக்கைப் பற்றி எத்தனையோ மறையுரை கேட்டாயிற்று. இன்று குருவானவர் பேசியது என் மனதில் ஏறவில்லை. போன் சட்டைப்பையில் நடுங்குகிறதா என்பதிலேயே இருந்தேன். காணிக்கை நேரத்தில் எழுந்து போகவில்லை.

நடுங்கியது திருப்பலி முடிந்து படி இறங்கும்போது. அண்ணன்.

ஐந்தாறு விநாடி இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, "மண்ணு எடுத்தியா?" என்றான்.

"எடுத்தேண்ணே. ரெண்டு பொட்டலம்."

"ம்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வீட்டைப் பத்தி எல்லாம் இப்பப் பேசவேண்டாம்."

"பேசல."

திருச்சி போக வேண்டியவன் மதுரை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். தோஹாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை, இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அண்ணனிடமும் மனைவியிடமும் கேட்டுவிட்டு எழுதலாம். திருப்புவனம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, ஜன்னல் கதவு பாதியில் சிக்கி மூட வரவில்லை, தோள் நனைகிறது. பொட்டலம் இரண்டையும் எடுத்து உள்பையில் வைத்துக்கொண்டேன். திரும்பவும் போன்.

"எங்கடா வந்துட்ட? மாட்டுத்தாவணி வரைக்கும் போகாத, தெப்பக்குளத்துலயே இறங்கிரு. வண்டியோட நிக்கிறேன். வெள்ளிக்கிழமை, கறி கிடையாது. அண்ணி மீன் வாங்கி வச்சிருக்கா."